முதுகுக்குப் பின்னால் ஒரு மணி

விருத்தாசலத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் எனக்கு இன்றைக்கு இரண்டு ஷெட் இருக்கிறது. பெரிய சூளை ஒன்று, சின்னச் சூளை ஒன்று, மண் அரைக்கிற மில் ஒன்று, தினம் முப்பத்தி நாலு பேருக்கு வேலை. இத்தனையும் நான் கட்டியது. அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பீங்கான் மண் மூட்டையை லாரியிலிருந்து முதுகில் இறக்கியவன். வேறொரு கம்பெனி மூடியபோது வாசலில் உடைத்துப்போட்டிருந்த பிளாஸ்டர் அச்சுகளைப் பொறுக்கி வந்து, விரிசலில் பசை பூசி, அதில் முதல் பொம்மையை ஊற்றினேன். முதல் சூளையின் கூரை சரிந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதைக் கட்டிய கொத்தனார், "இது வுழுந்தா என்னைக் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது விழவில்லை, இன்றும் எரிகிறது. மணிமுத்தாற்றுத் தண்ணீர் ஷெட்டுக்குள் இடுப்பளவு வந்த வருஷம் ஊரில் பாதிப்பேர் தொழிலை விட்டுப் போனார்கள். நான் போகவில்லை.

இதையெல்லாம் எழுதித் தரச் சொல்லி எங்கள் உற்பத்தியாளர் சங்கத்து மலர்க் குழுவினர் கேட்டார்கள். பிறகு அவர்களே எழுதிக்கொண்டுவந்து படித்தும் காட்டினார்கள். அதில் ஒரு வரி வந்தது. அந்த வரியைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் என்னைப் பற்றி எழுதாமல் அந்த அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். பேர் போடவில்லை. பேர் போட அவரிடம் நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதையும் இல்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் என்னிடம் பொம்மைக்குக் கண் எழுத வந்தார். ஐம்பது வயசு இருக்கும். வரும்போதே ஒரு பையில் மூன்று பிரஷ், ஒரு தண்ணீர் பாட்டில், அடுப்படியில் வைப்பார்களே, திருகிவிட்டால் டிக் டிக்கென்று ஓடி முடிவில் கிர்ரென்று மணியடிக்கிற வட்டமான டைமர், அது ஒன்று. மேஜையில் வைப்பார் என்று பார்த்தால், தன் முதுகுக்குப் பின்னால் சுவரோரப் பலகையில் வைத்தார். இருபத்தைந்தில் திருகினார். உட்கார்ந்தார்.

"ஏம்மா, பின்னாடி வச்சா மணி எவ்ளோ ஆச்சின்னு எப்படிப் பாப்ப?" என்றேன்.

"நான் பாக்க மாட்டேன் மொதலாளி. நேரம் பாக்குற வேலைய அதுகிட்ட குடுத்துட்டேன். என் வேலை கண்ணு மட்டுந்தான்."

மணி அடித்தது. எழுந்துவிட்டார். எழுந்த இடத்தைப் பார்த்தால் எனக்குத் திக்கென்றது. நாலங்குலப் பிள்ளையார், ஒரு கண் எழுதியாகிவிட்டது, இன்னொரு கண் வெறும் வெள்ளை. ஒற்றைக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் தொழிலில் சாமிக்கு ஒரு கண்ணைத் திறந்துவிட்டு நடுவில் யாரும் எழுந்து போகமாட்டார்கள். வீடே தீப்பிடித்தாலும் இரண்டாவது கண்ணை வைத்துவிட்டுத்தான் ஓடுவார்கள்.

"யம்மா, முடிச்சிட்டுப் போம்மா. ஆவாது, இது ஆவாது" என்று கத்தினேன். அச்சு ஊற்றுகிற கலியபெருமாள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

அவர் பதற்றப்படவில்லை. "மணிக்கு மேல எழுதுற கண்ணுதான் கோணிக்கும் மொதலாளி. சாமி அஞ்சி நிமிசம் பொறுத்துக்குவாரு. கோணக் கண்ண சாமியே ஆனாலும் காலத்துக்கும் வச்சிக்கினு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கலியபெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிள்ளையார்மேல் போட்டு மூடினான். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மணி அடிக்கும், அம்மா அதை அஞ்சில் திருகிவிட்டு "தம்பி, துண்டு" என்பார், அவன் வந்து மூடுவான். அஞ்சு நிமிஷம் கழித்து அவரே துண்டை எடுத்துவிட்டு இரண்டாவது கண்ணை வைப்பார்.

அந்த அஞ்சு நிமிஷத்தில் என்ன செய்வார் என்று நான் ஒளிந்துநின்று பார்த்திருக்கிறேன். ஒன்றும் செய்யமாட்டார். கேட்டுக்கு வெளியே போய் நிற்பார். ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி நின்றால் அதன் கடைசிப் பெட்டியைப் பார்ப்பார். வண்டி இல்லாவிட்டால் தூரத்தில் தெரிகிற கோபுரத்தைப் பார்ப்பார். ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால் பேசுவார், சிரிப்பார். உள்ளே மணி அடித்தால் பாதி வார்த்தையில் விட்டுவிட்டு வந்து குந்திவிடுவார். போன் பக்கமே போகமாட்டார். "போன்லயே அலாரம் வச்சிக்கலாமேக்கா" என்று கலியபெருமாள் கேட்டதற்கு, "போனு மணி மட்டுமா அடிக்கும்? என் தங்கச்சி வூட்டுச் சண்டையும் அதுலதான வரும்" என்றார்.

ஒரு தடவை பேங்கிலிருந்து ஆபீசர் பார்வையிட வந்திருந்தார். அவர் நேரே இந்த அம்மாவிடம் போய், எத்தனை வருஷமாக இந்த வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்கிறார், மணி அடிக்கிறது. இடைவேளை முடிந்துவிட்டது. "இருபத்தஞ்சி நிமிசம் கழிச்சி சொல்றேன் சார்" என்று உட்கார்ந்துவிட்டார். நான் அந்த இடத்திலேயே செத்தேன். ஆனால் ஆபீசர் டீ வாங்கிவரச் சொல்லி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மணி அடிக்கிறவரைக்கும் காத்திருந்து பதில் கேட்டுவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகு நான் அம்மாவைத் திட்டினேன். மணி ஓடிக்கொண்டிருந்தது, அவர் காதில் வாங்கவில்லை.

எனக்கு அந்த மணி ஒத்துக்கொள்ளவே இல்லை. அது அடிக்கும்போதெல்லாம் என்னுடைய நேரத்தை யாரோ கிள்ளி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "நான் எல்லாம் விடிஞ்சதுலேருந்து பொழுது போற வரிக்கும் குனிஞ்ச தல நிமிராம வேல செஞ்சி வந்தவன். நீ என்னாம்மா, ஸ்கூலு மாதிரி பெல்லு அடிச்சிக்கினு கெடக்குற?"

அச்சு ஊற்றிக்கொண்டிருந்த கலியபெருமாளைக் கூப்பிட்டார். "தம்பி, இந்த அச்சுல மண்ணுக் கூழு ஊத்திட்டு எவ்ளோ நேரம் வுடுவ?"

"கால் மணி நேரம்க்கா."

"ஒரு மணி நேரம் வுட்டா?"

"பொம்ம கல்லு மாதிரி கனத்துக்கும்."

"ஒரே அச்சுல காலயிலேருந்து வுடாம ஊத்துனா?"

"அச்சு தண்ணி குடிச்சிக் குடிச்சி ஊறிப்பூடும்க்கா. கூழு ஒட்டிக்கும். பொம்ம பிஞ்சிதான் வரும். வெயில்ல வச்சி எடுத்தாத்தான் திரும்ப ஊத்தலாம்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "அச்சுக்கு வெயிலு காட்டுறீங்க. ஏன்னா அது உங்க காசுல வாங்குனது." சொல்லிவிட்டுச் சிரித்தார். கலியபெருமாள் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று என் சம்சாரம்தான் ஒருநாள் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். அதற்கு முன்னால் அவர் திருப்பூரில் தையல் கம்பெனியில் இருந்திருக்கிறார். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த ஒரு நாளில் ஊசி ஆள்காட்டி விரலுக்குள் இறங்கிவிட்டது. வலிக்கவில்லையாம். துணியில் சிவப்புத் தெரிந்த பிறகுதான் விரலையே பார்த்திருக்கிறார். "வலிச்சது பயமில்லக்கா, வலிக்காம போனதுதான் பயம். நாம கவனமா இருக்குறதா நெனச்சிக்கினு இருப்போம், கவனம் எப்பவோ எழுந்து போயிருக்கும்" என்று சொன்னாராம். என் சம்சாரம் அதைச் சொல்லிவிட்டு, "அந்த மணிய நீங்க மொறைக்காதீங்க" என்றாள். நான் முறைக்கிறேன் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

ஒரு நாள் நானும் முயற்சி செய்து பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா லீவு போட்டுவிட்டு டைமரை இங்கேயே வைத்திருந்தார். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து இருபத்தைந்தில் திருகினேன். சூளைக் கணக்கு நோட்டை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கலியபெருமாளிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று தோன்றியது. அப்புறம் கேஸ் சிலிண்டர். அப்புறம் போன். எழுந்துவிட்டேன். முள்ளைப் பார்த்தால் ஏழு நிமிஷம்தான் ஓடியிருந்தது. நாற்பது வருஷமாக இடைவிடாமல் உழைத்தவன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன், ஒரே வேலையில் சேர்ந்தாற்போல எட்டு நிமிஷம் நின்றதில்லை என்று அந்தச் சின்ன வட்டம் எனக்குக் காட்டியது. அதற்கும் அதன்மேல்தான் எரிச்சல் வந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு, தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்துக் கொடுக்க அறுநூறு பிள்ளையார் கேட்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணின் அப்பா திட்டக்குடிப் பக்கம், மண்டபம் சென்னையில். முகூர்த்தம் நமக்காகத் தள்ளிப்போகாது. நானூற்று இருபது முடிந்து பெட்டியில் இருந்தது. மீதி நூற்றெண்பது மறுநாள் காலையில் சூளைக்குள் போயாகவேண்டும். அந்த அம்மா எழுதுகிற வேகத்தில் சாயங்காலத்துக்குள் நூற்றெழுபதுதான் ஆகும். பத்து குறைகிறது. காலையிலிருந்து பெண்வீட்டிலிருந்து மூன்று போன். மூன்றாவது போனில் அவர், "நீங்க பெரிய ஆளுன்னு சொன்னாங்க, அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றார். அந்த வார்த்தை என்னைக் கிறுக்காக்கிவிட்டது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒன்றே முக்காலுக்கு அம்மா உட்கார்ந்தார், டைமரைத் திருகினார். கலியபெருமாள் கொல்லையில் அச்சுகளை வெயிலுக்கு வைத்துக்கொண்டிருந்தான். மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அம்மாவுக்குப் பின்னால் போனேன். முள் அஞ்சுக்கு வந்திருந்தது. சத்தமில்லாமல் திருகி மறுபடியும் இருபத்தைந்தில் வைத்தேன்.

ஒரு தடவைதான் என்று நினைத்துத்தான் செய்தேன். பிறகு வராந்தாவில் நடந்தேன். அந்தப் பக்கம் போகும்போது பார்த்தால் மறுபடியும் அஞ்சு. மறுபடியும் ஒரு திருகு. இப்படி நாலு தடவை. அவர் திரும்பிவிட்டால் என்ன சொல்வது என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திரும்பவே இல்லை. நேரத்தை அதனிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னவர், சொன்னபடியே இருந்தார். முதுகு குனிந்திருந்தது, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. பிரஷ் மட்டும் நிற்கவில்லை.

மூன்றரைக்குத்தான் மணியை அடிக்கவிட்டேன். எழுந்தவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கி இருபத்தஞ்சி ரொம்ப நீளமா இருந்திச்சி மொதலாளி" என்றார்.

"வெயிலு" என்றேன். "வெயில் காலத்துல அப்படித்தான் இருக்கும்."

அரை மணி நேரத்தில் டீ வந்தது. "டீ சீக்கிரமா வந்துட்டுதே" என்றார்.

"ஆமா, இன்னிக்கி சீக்கிரம்தான்" என்றேன்.

அவர் தன் உடம்பு சொன்னதை நம்பவில்லை. மணியை நம்பினார். என்னையும் நம்பினார்.

நூற்றெண்பதும் முடிந்தது. சாயங்காலம் தட்டுத் தட்டாகப் பார்த்தேன். என் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. எழுதிய பொம்மையைக் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி முழுக்க வெள்ளையாகிவிடும், கண் மறைந்துவிடும். சூளையில் வெந்த பிறகுதான் அந்த வெள்ளை கண்ணாடியாகத் தெளிந்து கண் வெளியே வரும். அப்படி வந்த கண்ணை யாராலும் அழிக்க முடியாது.

மறுநாள் சூளை எரிந்தது. அதற்கு அடுத்த நாளெல்லாம் ஆறியது. சூடு இறங்குமுன் கதவைத் திறந்தால் அத்தனையும் வெடித்துவிடும். நான் சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கதவுச் செங்கல்லில் கை வைத்துப் பார்ப்பேன், எடுப்பேன். "ஏங்க, குந்துங்க ஒரு எடத்துல. நீங்க சுத்துறதுல சூளைக்குத் தல சுத்தப்போவுது" என்றாள் என் சம்சாரம். சிரிக்க முடியவில்லை. கலியபெருமாள் பக்கத்தில் வந்து நின்றான். "அன்னிக்கி மத்தியானம் அக்கா துண்டே கேக்கல மொதலாளி" என்றான். "அச்ச எடுத்து வச்சிட்டு வந்து பாத்தேன், துண்டு என் தோள்லயேதான் கெடந்துது." நான் கேஸ் மீட்டரைப் பார்க்கிற மாதிரி நகர்ந்துவிட்டேன்.

கதவைப் பிரித்தோம். தட்டுகளை வெளியே எடுத்து, எழுதிய வரிசைப்படியே வைத்தோம். முதல் மூன்று வரிசைப் பிள்ளையார் நம்மை நேராகப் பார்த்தார். நாலாவது வரிசையிலிருந்து கண்மணி நூலிழை அளவு மேலே ஏறியிருந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். தனியாக ஒன்றை எடுத்துப் பார்த்தால் தெரியாது, வரிசையில் வைத்தால்தான் தெரியும். கடைசி வரிசைகளில் அத்தனை பிள்ளையாரும் என் தோளுக்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பியே பார்த்துவிட்டேன். அங்கே யாரும் இல்லை.

"அக்காவுக்குக் கண்ணு போச்சி போல" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அம்மா ஒரு பொம்மையை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மணிக்கு மேல போனாத்தான் என் கை இப்படிப் போவும்" என்றார். பிறகு, "ஆனா மணி அடிச்சிதே மொதலாளி" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும். என் வாய் திறந்தது, "சரி, ஆனது ஆச்சி, அடுத்த வேலையப் பாருங்க" என்று சொன்னது.

முதல் சூடு மட்டும் சுட்ட, கண் எழுதாத பொம்மை உபரியாக எப்போதும் இருநூறு வைத்திருப்பது என் வழக்கம். ஊரில் வேறு யாரும் அப்படி வைப்பதில்லை. அதை வைத்து, ராத்திரி பகல் பார்க்காமல் சின்னச் சூளையை ஓட்டி, முகூர்த்தத்துக்கு முதல் நாள் மண்டபத்தில் நானே இறக்கினேன். கல்யாணம் நன்றாக நடந்தது. அந்தப் பிள்ளையாருக்கும் அந்த அம்மாதான் கண் எழுதினார், பத்துப் பத்து நிமிஷமாக. ஒரு கண்கூடக் கோணவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அவர் திரும்பித் திரும்பி மணியைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு கண்ணுக்கு ஒரு தடவை திரும்புவார். பிறகு ஒவ்வொரு கண்ணுக்கும். கேட்டருகே போய் நின்றாலும் கூட்ஸ் வண்டியைப் பார்க்காமல் உள்ளேதான் பார்ப்பார். டைமரை எடுத்து முன்னால் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

பாண்டிச்சேரிக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். "கண்ணு நல்லாருக்குதாம் மொதலாளி" என்றார். நல்ல சேதி சொல்கிற முகமில்லை. "கண்ணு நல்லாருந்தும் அப்படி எழுதியிருக்கேன்னா, எனக்குள்ளதான் ஏதோ கழண்டிருக்குது. மணி அடிச்சது தெரியாம எழுதியிருக்கேன். திருப்பூருல ஊசி எறங்குனது தெரியாத மாதிரி." அந்த மாசக் கடைசியில், "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குத் திட்டக்குடி போய்விட்டார். திரும்பி வரவில்லை. அங்கே ஒரு ஓட்டலில் காய் நறுக்குகிறார் என்று கேள்வி.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வேறு யூனிட்காரர் ஒருவர், என் சிநேகிதர்தான், அவரை வேலைக்குக் கூப்பிடலாமா என்று என்னிடம் விசாரித்தார். "அந்தம்மாவுக்குக் கண்ணு எப்படி?" என்று கேட்டார். "பாத்துக்குங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் கூப்பிடவில்லை, அதற்கப்புறம் ஊரில் யாருமே கூப்பிடவில்லை. நானும் மேடை கிடைத்தபோதெல்லாம் ஒரு சூளைப் பொம்மை வீணாகியும் நாலே நாளில் மீண்டு வந்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கைதட்டினார்கள்.

மலர்க் குழுவினர் படித்துக் காட்டிய வரி அதிலிருந்து வந்ததுதான்: 'கண் பார்வை மங்கிய ஒரு பணியாளரால் பெரும் இழப்பு நேர்ந்தபோதும் மனம் தளராது வென்றவர்.' நான் தாண்டி வந்த கஷ்டங்களில், வெள்ளத்துக்கும் இடிந்த சூளைக்கும் நடுவில், அந்த அம்மாவை ஒரு கஷ்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

மலர்க் குழுவினருக்குச் சொல்கிறேன். அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் நான் சொல்வதைப் போடுங்கள். அந்த அம்மாவின் கண்ணுக்கும் கைக்கும் கவனத்துக்கும் எந்தக் குறையும் இல்லை. மணியை நாலு தடவை திருகியது நான். என் கண்ணால் பார்த்து, என் கையால் திருகினேன். இந்த மலர் வெளிவருவதற்குள் திட்டக்குடிக்குப் போய் அவரிடமும் இதைச் சொல்வேன். போன மாசம் பஸ் ஏறிப் பாதி வழி, பெண்ணாடம் வரைக்கும் போய்விட்டு இறங்கித் திரும்பியவன் நான், அதனால் என் பேச்சை நம்பாமல் முதலில் அச்சில் போடுங்கள். அச்சில் வந்துவிட்டால் போகாமல் இருக்க எனக்கு வழியிருக்காது.

ஷெட்டு என் பேரில் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சூளை கட்டிய பெருமையை அந்தக் கொத்தனாருக்கே கொடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்த நூற்றெண்பது பிள்ளையாரில் என் பங்கு இருக்கிறது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் பேரை முழுசாக, இனிஷியலோடு போடுங்கள்.